ஜனவரி சம்பளத்தில் 70 டாலர் குறைகிறது, யார் எடுத்தது?

டல்லாஸ்_குமார் (கேள்வி, ஜனவரி 2013)

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 15 சம்பளம் வங்கியில் விழுந்ததும் பார்த்தால் டிசம்பரை விட 70 டாலர் போலக் குறைவு. சம்பளம் மாறவில்லை, இன்சூரன்ஸ் அதே பிளான், 401கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பிலும் நான் கை வைக்கவில்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி என்று ஒன்றே கிடையாது, ஆக அந்தப் பக்கம் சந்தேகப்படவும் வழியில்லை. டிசம்பர் பே ஸ்டப்பையும் (சம்பளச் சீட்டு) இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சோசியல் செக்யூரிட்டி (அரசாங்க ஓய்வூதியத்துக்குப் பிடிக்கிற வரி) என்ற இடத்தில் 147.00 இருந்தது, இப்போது 217.00. இரண்டிலுமே வரிக்கு எடுத்துக்கொண்ட சம்பளம் 3,500 தான்.

புத்தாண்டு ராத்திரி வரைக்கும் டிவியைத் திறந்தால் ஃபிஸ்கல் கிளிஃப், ஃபிஸ்கல் கிளிஃப் என்று ஒரே பாட்டு, அதாவது புது வருஷத்தில் வரிச் சலுகைகள் ஒரேயடியாக முடிந்து வரி ஏறும், அரசுச் செலவும் வெட்டப்படும் என்ற பயம். கடைசியில் 4 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும்தான் வரி ஏறுகிறது, மற்றவர்கள் எல்லாம் தப்பித்தோம் என்றுதானே சொன்னார்கள்? நான் வருஷத்துக்கு 84 ஆயிரம் வாங்குகிறவன். என்னை எந்தக் கணக்கில் பணக்காரன் ஆக்கினார்கள்? ஹெச்ஆரில் கேட்டால் "சட்டம் மாறிவிட்டது" என்று ஒற்றை வரியில் பதில். பக்கத்து சீட் அமெரிக்கர் இது ஒபாமாகேருக்கு, அதாவது ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பிடிப்பது என்று சத்தியம் செய்கிறார். நிஜமாகவே என்ன நடக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

குமார், உங்கள் கம்பெனி மேல் தப்பில்லை, ஒபாமாகேரும் காரணமில்லை. அந்தச் சட்டத்தால் இந்த வருஷம் மெடிகேரில் (முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிற வரி) 0.9 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பது 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான். உங்கள் சீட் நண்பர் அதைத்தான் குழப்பிக்கொண்டிருக்கிறார் போல.

சோசியல் செக்யூரிட்டிக்குத் தொழிலாளி தரவேண்டிய பங்கு பல வருஷமாகவே 6.2 சதவீதம், கம்பெனி தன் கையிலிருந்து தருவது இன்னொரு 6.2. பொருளாதாரம் படுத்துக் கிடந்ததால் 2010 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டு, நம் பங்கை மட்டும் 2011-க்கு 4.2 ஆக்கினார்கள். ஒரு வருஷத்துக்கு என்றுதான் பேச்சு. அது முடியும் நேரத்தில் பெரிய சண்டை நடந்து, முதலில் இரண்டு மாதம் நீட்டி, அப்புறம் 2012 பிப்ரவரியில் வருஷக் கடைசி வரைக்கும் நீட்டினார்கள். டிசம்பர் 31-ஓடு அது முடிந்தது. ஜனவரி 2-ஆம் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம் வருமான வரி விகிதங்களைத்தான் காப்பாற்றியது, இதைத் தொடவே இல்லை. வருமான வரி வேறு, சோசியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்த பேரோல் வரி வேறு. டிவியில் "உங்கள் வரி ஏறாது" என்று சொன்னவர்கள் முதலாவதைப் பற்றி மட்டும் பேசினார்கள், கேட்டவர்கள் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள்.

3,500-இல் 4.2 சதவீதம் 147, 6.2 சதவீதம் 217, உங்கள் ஸ்டப் சரியாகத்தான் இருக்கிறது. வருஷத்துக்கு 1,680 டாலர். "இரண்டே சதவீதம்தானே" என்று சிலர் சொல்வார்கள், ஆனால் 147 இருந்த பிடித்தம் 217 ஆனால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது, அதனால் கண்ணில் குத்துவதில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு இதில் கோபம் வருவது ஒரே இடத்தில். 2011 டிசம்பரில் வெள்ளை மாளிகை மக்களைப் பார்த்து, ஒரு சம்பளத்துக்கு 40 டாலர் குறைந்தால் உங்கள் வீட்டில் எதை விடுவீர்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டது. 50 ஆயிரம் சம்பளத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாங்குகிற ஆளுக்கு வருகிற கணக்கு அது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து அதே 40 டாலர் போகும்போது இரண்டு கட்சியிலும் பெரிதாகக் குரல் கொடுக்க ஆளில்லை. சலுகையை முடித்தது கூட நியாயமாக இருக்கலாம், சொல்லிவிட்டு முடித்திருக்கலாமே. நவம்பரில் தேர்தல் வேறு நடந்தது, அந்த மேடைகளில் இதைப் பற்றி எவ்வளவு பேசினார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

---

பொன்னி_அட்லாண்டா

உங்களுக்காவது ஹெச்ஆர் இருக்கிறது, என் கடையில் ஹெச்ஆரும் நான்தான், பேரோலும் நான்தான். கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த சின்னக் கடை, கவுண்டரில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் மணிக்கு 9 டாலர், வாரம் 40 மணி நேரம். ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் ஸ்டப்போடு திரும்பி வந்தார். 22.32 என்ற எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம். போன வாரம் 15.12-தானே, ஏன் என்னிடம் 7 டாலர் எடுத்தீர்கள் என்று கேட்டார், கோபமாகக் கூட இல்லை, ஏதோ நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்கிற மாதிரி. நான் எடுக்கவில்லை அம்மா, அரசாங்கம் எடுக்கிறது என்று சொன்னால் "நீங்கள்தானே செக் எழுதுகிறீர்கள்" என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

வாரம் 7 டாலர் 20 சென்ட் நம்மில் பல பேருக்கு ஒரு காபிக்கும் ஒரு மஃபினுக்கும் சரியாகப் போகும் காசு. அவருக்கு அது வேலைக்கு வந்துபோகும் பெட்ரோல். வருஷத்துக்குக் கூட்டினால் 374 டாலர். இதில் இன்னொரு கொடுமை, 2009-லும் 2010-லும் வேறொரு சலுகை இருந்தது, வேலைக்குப் போகிற ஒரு ஆளுக்கு 400 டாலர், தம்பதிக்கு 800. அதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வந்ததுதான் இந்த 2 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், தனி ஆளாக 20 ஆயிரம் டாலருக்குக் கீழே சம்பாதிப்பவருக்கு 2011-லேயே கையில் வருவது குறைந்துவிட்டது. ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு 2,000 கிடைத்தது. இப்போது அதுவும் முடிந்தது. ஏழைக்கு முதலில் குறைத்து, அப்புறம் எல்லோருக்கும் நிறுத்தி, இதற்குப் பேர் நடுத்தர வர்க்கத்தைக் காப்பாற்றுவதாம்.

முதலாளிகளுக்கு இதில் ஏதோ லாபம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், என் பங்கு 6.2 இரண்டு வருஷமும் குறையவே இல்லை. ஜனவரியில் கடை வியாபாரம் எப்போதுமே மந்தம்தான், அதனால் இதனால்தான் விற்பனை குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வருஷம் வரி ரிட்டர்னை வாங்க ஆரம்பிப்பதே ஜனவரி 30-தான் என்று அறிவித்துவிட்டார்கள், ரீஃபண்ட் எப்போதும் வரும் நேரத்துக்கு வராது, சம்பளமும் குறைவு. கவுண்டரில் நின்று பார்த்தால் 20 டாலருக்கு பெட்ரோல் போடுகிறவர் இப்போது 10 டாலருக்குப் போடுகிறார்.

---

பழைய_பெருச்சாளி

யாராவது ஒருவர் எதிர்க்கட்சி ஆக வேண்டுமே, நானே ஆகிறேன். நல்ல காரியம் நடந்திருக்கிறது.

சோசியல் செக்யூரிட்டி என்பது வயதான காலத்துக்கு என்று தனியாக வாங்குகிற காசு. அதில் ஓட்டை போட்டுவிட்டு, அந்த ஓட்டையைப் பொதுக் கஜானாவிலிருந்து, அதாவது கடன் வாங்கி, அடைத்தார்கள். வருஷத்துக்குப் பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல். இரண்டு வருஷம் செய்ததை மூன்றாவது வருஷமும் நீட்டியிருந்தால் அப்புறம் எந்தக் காலத்திலும் 6.2-க்குத் திரும்பியிருக்க முடியாது, ஒவ்வொரு டிசம்பரிலும் இதே நாடகம்தான். இன்னும் பத்து வருஷம் கழித்து "இது எங்கே சொந்தக் காலில் நிற்கிறது, அரசாங்கம் போடுகிற பிச்சைதானே, வெட்டு" என்று ஒருத்தன் கிளம்புவான். அதனால்தான் முதியோருக்காகப் பேசுகிற பல பேர் ஆரம்பத்திலிருந்தே இதை ரசிக்கவில்லை. தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்தது சொன்ன தேதியில் முடிந்தால் அதைப் போய் வரி உயர்வு என்று கத்துவது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, 2011 ஜனவரியில் இதே ஸ்டப்பில் 70 டாலர் கூடியபோது எத்தனை பேர் ஹெச்ஆருக்கு மெயில் போட்டீர்கள்?

பொன்னி சொல்வது மட்டும் எனக்கு உறைக்கிறது. அந்த 400 டாலரை எடுத்தது தப்பு.

---

கணக்குப்பிள்ளை

பெருச்சாளி அண்ணே, கடைசிக் கேள்விக்குப் பதில் உண்டு. யாரும் கவனிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கொடுத்தார்கள். 2008-இல் புஷ் காலத்தில் ஆளுக்கு 600 டாலர் என்று செக்காக அனுப்பியபோது நிறைய பேர் அதை அப்படியே சேமிப்பில் போட்டுவிட்டார்கள், கடனை அடைத்தார்கள். சம்பளத்தோடு சொட்டுச் சொட்டாகக் கலந்து வந்தால் தெரியாமலே செலவாகிவிடும், கடைக்காரனுக்குப் போய்ச் சேரும் என்பதுதான் யோசனை. அது பலித்தது. ஆனால் பலித்ததால்தான் இப்போது இத்தனை கூச்சல். இரண்டு வருஷமாக வாடகை, கார் கடன் எல்லாமே அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள், அதைச் சலுகை என்று நினைத்தே பார்க்கவில்லை, அவர்களைப் பொறுத்தவரை நிஜமாகவே சம்பளம்தான் வெட்டுப்பட்டிருக்கிறது.

கடன் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சோசியல் செக்யூரிட்டி நிதிக்கு நஷ்டமில்லை, குறைந்த அவ்வளவையும் கஜானாவிலிருந்து ஈடுகட்டச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 4.2 கட்டியதால் யாருடைய பென்ஷனும் குறையப் போவதும் இல்லை, அது சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது.

---

சான்ஹோசே_சங்கர்

70-க்கே இவ்வளவா? எனக்கு டிசம்பர் கடைசிச் சம்பளத்தில் சோசியல் செக்யூரிட்டி சுழியம், ஜனவரியில் 310. 1,20,000 சம்பளம், மாதம் இரண்டு முறை 5,000. போன வருஷம் 1,10,100 டாலருக்கு மேல் வருகிற சம்பளத்துக்கு இதைப் பிடிக்க மாட்டார்கள், நவம்பரோடு எனக்கு அந்த வரம்பு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, டிசம்பர் முழுக்க ராஜா மாதிரி இருந்தேன். புது வருஷத்தில் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம், விகிதமும் கூடியிருக்கிறது, வரம்பையும் 1,13,700 ஆக்கிவிட்டார்கள். ஆக டிசம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்து மயக்கம் போடுகிற என்னைப் போன்றவர்கள் போன வருஷம் ஜனவரி ஸ்டப்பை எடுத்துப் பாருங்கள், அப்போது 210 இருந்திருக்கும்.

எரிச்சல் வேறு இடத்தில். நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறவன். வேலை செய்து இந்த வரி கட்டுவதற்குக் கிடைக்கும் கிரெடிட் 40 சேர்ந்தால்தான் பென்ஷன், வருஷத்துக்கு அதிகபட்சம் 4, ஆக பத்து வருஷம். இரண்டு நாட்டிலும் கட்டியதைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தமும் இந்தியாவோடு இவர்களுக்கு இல்லை. ஆறு வருஷத்தில் ஊருக்குத் திரும்பினால் கட்டியது மொத்தமும் தர்மக் கணக்கு, பைசா திரும்பாது. வராத பென்ஷனுக்கு 4.2 என்ன, 6.2 என்ன என்று சிரித்துக்கொள்கிறேன்.

---

பழைய_பெருச்சாளி

சங்கர் தம்பி, கவலைப்படாதே. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போதே உனக்கு 40 கிரெடிட் நிறைந்துவிடும்.

---

எஃப்1_பாவி

எஃப்1 மாணவர் விசாவில், ஓபிடி என்கிற வேலைப் பயிற்சியில் இருக்கிறேன். என் சம்பளத்தில் ஒரு சென்ட் கூடக் குறையவில்லையே, எங்கள் கம்பெனி மறந்துவிட்டதா? வாயைத் திறக்கலாமா வேண்டாமா?

---

கணக்குப்பிள்ளை

மறக்கவில்லை. எஃப்1 விசாவில் வந்த முதல் ஐந்து காலண்டர் வருஷத்துக்கு, ஓபிடி காலத்திலும் சேர்த்து, பொதுவாக உங்களிடம் சோசியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடிக்கவே கூடாது. ஸ்டப்பில் இரண்டும் சுழியமாக இருக்கும், பாருங்கள். வருகிற அக்டோபரில் ஹெச்1பி ஆனால் அன்றைக்குத் தெரியும் வலி.

---

டல்லாஸ்_குமார்

எல்லோருக்கும் நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. பொன்னி அக்கா சொன்னதைப் படித்த பிறகு என் 70 டாலரைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். டபிள்யூ-4 (வரிப் பிடித்தத்துக்காகக் கம்பெனியிடம் கொடுக்கிற படிவம்) மாற்றினாலோ, 401கே-யைக் கூட்டினாலோ இது கொஞ்சம் குறையுமா? அப்புறம் என் நண்பன் வேறு கம்பெனி, அவனுக்கு ஜனவரி 4-ஆம் தேதி வந்த சம்பளத்தில் 4.2 தான் பிடித்திருக்கிறார்கள், டிசம்பரில் செய்த வேலைக்கான சம்பளம் அதனால் பழைய விகிதம் என்கிறான். அது சரியா?

---

கணக்குப்பிள்ளை

இரண்டுமே உதவாது. டபிள்யூ-4 வருமான வரிப் பிடித்தத்துக்கு மட்டும்தான். 401கே-யில் இந்த வருஷம் 17,500 வரை போடலாம், வருமான வரி குறையும், ஆனால் சோசியல் செக்யூரிட்டியை அந்தப் பணத்தைக் கழிப்பதற்கு முன்னாலேயே கணக்கிட்டுவிடுவார்கள். உங்கள் இன்சூரன்ஸ் திட்டத்தில் ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) இருந்தால் சம்பளத்தின் வழியாக அதில் போடுகிற பணத்துக்கு இந்த வரி கிடையாது, அதை வேண்டுமானால் பாருங்கள்.

உங்கள் நண்பர் சொல்வது தப்பு. எந்த மாதம் வேலை செய்தோம் என்பது கணக்கே இல்லை, சம்பளம் கைக்கு வந்த தேதிதான் கணக்கு. ஜனவரி 4-இல் வந்தால் 6.2. சட்டம் கடைசி நிமிஷத்தில் வந்ததால் பல கம்பெனிகளின் பேரோல் சாஃப்ட்வேர் இன்னும் மாறவில்லை. பிப்ரவரி 15-க்குள் புது விகிதத்துக்கு மாறிவிட வேண்டும், குறைவாகப் பிடித்ததை மார்ச் 31-க்குள் சேர்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று வரித் துறையான ஐஆர்எஸ் சொல்லியிருக்கிறது. ஆக அவருக்கு ஏதோ ஒரு சம்பளத்தில் இரண்டு மடங்காக வெட்டு விழும். அந்தக் காசைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள்.