மறு: ‘கார்பன் டெப்ட்’ – தமிழில் என்ன சொல்வது? திங்களுக்குள் வேண்டும்

மலேசியா, சுங்கை சிப்புட் டீச்சர் எழுதியது (வியாழன் இரவு):

குழுமத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கண்காட்சிக்கு ஒரு தட்டி தயாரிக்கிறார்கள். தலைப்பு அவர்களே எடுத்தது: விறகை எரித்து மின்சாரம் எடுப்பது நல்லதா? பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையிலோ பலகை ஆலையிலோ வேலை பார்க்கிறார். அதனால் கேள்வி அவர்களுக்குப் புதிதில்லை. திங்கள் காலை அச்சுக்கடைக்குப் போக வேண்டும். எல்லாம் எழுதியாகிவிட்டது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: கார்பன் டெப்ட்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பால்மரம் (ரப்பர் மரம்) 30 ஆண்டு சேர்த்து வைத்த கரிமம் (கார்பன்), அதை வெட்டி எரித்தால் ஒரே நாளில் புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. அதே இடத்தில் வைத்த கன்று அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள இன்னொரு 30 ஆண்டு வேண்டும். நிலக்கரிக்குப் பதிலாக விறகு எரித்தால், நிலக்கரி விட்டிருக்கும் அளவுக்கு மேல் விறகு விட்ட மிச்சத்தை மட்டும் கணக்கில் வைத்து, அது எத்தனை ஆண்டில் தீரும் என்று பார்க்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காக 2010-இல் மேனோமெட் நிலையம் செய்த ஆய்வில், விறகு மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தின் இடத்தைப் பிடித்தால் 21 ஆண்டு, இயற்கை எரிவாயுவின் இடத்தைப் பிடித்தால் 90 ஆண்டுக்கும் மேல் என்று வந்தது.

நான் ‘கரிமக் கடன்’ என்று எழுதி வைத்திருந்தேன். முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். “டீச்சர், மூணாம் பக்கத்துலயும் கரிமக் கடன் இருக்கு. அங்க அதை வாங்கினா நல்லதுன்னு போட்டிருக்கு.” பார்த்தால், வேறொரு கையேட்டிலிருந்து எடுத்த பத்தியில் கார்பன் கிரெடிட்டுக்கும், அதாவது கரிமத்தைக் குறைத்ததற்காகக் கொடுத்து, வாங்கி விற்கும் சான்றுக்கும், ‘கரிமக் கடன்’ என்றே இருக்கிறது! வங்கியில் கிரெடிட் என்றால் கடன்தானே என்று யாரோ பெயர்த்திருக்கிறார். நேர் எதிரான இரண்டு பொருளுக்கு ஒரே சொல். பிள்ளை கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை.

தயவுசெய்து உதவுங்கள்.

---

தைப்பிங் ஐயா எழுதியது (வெள்ளி காலை):

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி.

முதலில் ‘கரி’. கரிக்கடன் என்று சுருக்க யாராவது சொல்வார்கள், விடாதீர்கள். கரி என்றால் அடுப்புக்கரி, கரி என்றால் யானை, கரி என்றால் சாட்சி. ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் வருவது சாட்சி. யானைக்கு வந்த கரி, கரம் உடையது என்ற வடமொழி வழி. கரியைக் கடன் வாங்கியதாகவும் பொருள் போகும். ஆகவே கரிமம். மவ்வீறு ஒற்றழிந்து, வல்லினம் மிக்குக் ‘கரிமக் கடன்’. அதில் பிழை இல்லை.

ஆனால் ‘கடன்’ எனக்கு உறுத்துகிறது. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டை எடுத்துப் பாருங்கள். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்று தொடங்கி, தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என ஐந்து பேருக்கும் ஐந்து கடன். அங்கே கடன் என்றால் கடமை. ‘கடனறி காட்சியவர்’ என்று வள்ளுவர் சொல்வதும் அதுவே. கடமையைக் குறித்த ஒரு சொல்லைப் புகைக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளைகள் நமக்கு விட்டுப்போன அழகான இணை ஒன்று இருக்கிறது: பற்று, வரவு. கார்பன் கிரெடிட் ‘கரிம வரவு’. கார்பன் டெப்ட் ‘கரிமப் பற்று’. தோட்டத்துக் கடையில் நம் பெற்றோர் பற்று வைத்துத்தானே அரிசி வாங்கினார்கள்? மேலும், பற்றுதல் தீயின் வினை. தீப்பற்றியது என்கிறோம். விறகைப் பற்றவைத்ததால் வந்த பற்று என்று சொல் தானே கதை சொல்கிறது. ‘பற்று’ என்ற வேரிலிருந்து பற்றாசு வரை எழுத ஆசை, வெயில் ஏறுகிறது, பிறகு தொடர்கிறேன்.

---

பாகான் செராய், ஆலைக்காரர் எழுதியது (வெள்ளி மதியம்):

ஐயாவுக்கு வணக்கம். டீச்சருக்கும்.

நான் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் 22 வருடம் நின்றவன். தமிழ் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் கரிமப் பற்று என்று தட்டியில் போட்டால், மொழிப்பற்று, நாட்டுப்பற்று மாதிரி கரிமத்தின் மேல் பாசம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். என் மகளிடம் கேட்டேன், அவள் அப்படித்தான் சொன்னாள். கடையில் நாங்கள் சொன்னது ‘பாக்கி’. கரிமப் பாக்கி என்று போடுங்கள், லயத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சொல்லைவிட இதுதான் எனக்கு முக்கியம். எல்லா விறகையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 100 டன் செம்பனைப் பழக்குலை ஆலைக்குள் வந்தால் ஏறக்குறைய 13 டன் நார், 5, 6 டன் கொட்டை ஓடு மிஞ்சும். அதை எரித்துத்தான் ஆலைக்கு ஆவியும் கரண்டும். அதற்காக யாரும் ஒரு மரமும் வெட்டவில்லை. அதைக் குவித்துப் போட்டால் கொஞ்ச வருடத்தில் மக்கி அந்தக் கரிமம் எப்படியும் காற்றுக்குத்தான் போகும். இதில் பாக்கி மிகக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். நின்ற மரத்தை வெட்டி எரிப்பதும் இதுவும் ஒன்றா?

எண்ணெய் எடுத்த வெறும் குலை வேறு கதை. 22, 23 டன் வரும், பாதிக்கு மேல் தண்ணீர். அப்படியே தள்ளினால் தீ அமுங்கி வெள்ளைப்புகை அடிக்கும். பிழிந்து, கிழித்துப் போட்டாலும் அதன் சாம்பலில் பொட்டாசியம் அதிகம், உருகிக் குழாயில் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாய்லரை நிறுத்தி, ஆறவைத்து, உளி வைத்துத் தட்டி எடுத்திருக்கிறேன். அதே குலையை மரத்தடியில் பரப்பினால் அந்தப் பொட்டாசியம் மண்ணுக்கு உரம். எரித்தால் உரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதையும் தட்டியில் ஒரு மூலையில் எழுதுங்கள் டீச்சர்.

---

கிள்ளான், பொறியாளர் எழுதியது (வெள்ளி மாலை):

நான் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஐயா மன்னிக்கவும். ‘கார்பன் டெப்ட்’ என்றே போடலாம். இந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் இதை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படிப்பார்கள். மூன்றாவதாக ஒரு சொல் அவர்களுக்குப் பாரமாகும்.

எண்களைக் கொடுங்கள், அதுதான் நிற்கும். ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு விறகு 112 கிலோ கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) விடும், நிலக்கரி 95 கிலோ அளவில், இயற்கை எரிவாயு 56. இவை ஐபிசிசி என்ற ஐ.நா. பருவநிலைக் குழுவின் வழிகாட்டியில் உள்ள பொது அளவுகள். புகைபோக்கி வாயில் நின்று பார்த்தால் விறகுதான் அதிகம். வளரும் மரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதால்தான் அது தூய்மை என்று பெயர் வாங்கியது.

‘கார்பன் டெப்ட்’ பரவலானதே நம் மண்ணையும் வைத்துத்தான். 2008-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை அது. இந்தோனேசியா, மலேசியாவில் தாழ்நிலக் காட்டை அழித்துச் செம்பனை வைத்து உயிரி டீசல் எடுத்தால், அந்தக் கடன் தீர 86 ஆண்டு. கரிச்சதுப்பு (பீட்) நிலக் காட்டை அழித்தால் 423 ஆண்டு.

---

சுங்கை சிப்புட் டீச்சர் எழுதியது (வெள்ளி இரவு):

கிள்ளான் தம்பிக்கு, எண்களுக்கு நன்றி, தட்டியில் ஏற்றிவிட்டேன். ஆனால் சொல் பாரம் என்பதை நான் ஏற்கவில்லை. இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

பத்து நாளைக்கு முன் வெட்டிய பால்மரக் கிளைகளை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து 1 கிலோ எடுத்து, தகரக் கூரையில் காயப்போட்டோம். இன்று நிறுத்தால் 560 கிராம். மற்றது தண்ணீர். முழுக்கக் காய்ந்த விறகில் ஏறக்குறைய பாதி எடை கரிமம், அப்படிப்பட்ட ஒரு கிலோ விறகு எரிந்தால் 1.8 கிலோ கரிவளி வரும் என்றேன். ஒரு பையன் எழுந்து, “ஒரு கிலோவிலிருந்து எப்படி டீச்சர் 1.8 கிலோ?” என்றான். காற்றில் இருக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்) வந்து சேர்ந்துகொள்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா அதை யாரு திருப்பிக் கட்டுறது?” என்றான்.

‘கட்டுறது’ என்றான். நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. டெப்ட் என்று போட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா? கடன் என்ற சொல்லைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குத் தவணை தெரியும், வட்டி தெரியும், கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பது தெரியும். எனக்கு வேண்டியது அந்தக் கால உணர்வுதான்.

---

ஹட்டனிலிருந்து எழுதியது (சனி காலை):

வணக்கம். இலங்கையில் நாங்கள் காபன் என்று எழுதுவோம், அதை இப்போது விடுகிறேன்.

டீச்சரின் மாணவன் கேட்டதிலேயே எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. கடன் என்றால் வாங்கியவர் அடைக்க வேண்டும். இங்கே எரித்தவர் அடைப்பதில்லை. மரம் அடைக்கிறது, அதுவும் யாராவது நட்டு, வெட்டாமல், தீப்பிடிக்காமல் விட்டால். கடன் என்று சொன்ன உடனே அடைபடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் டிராக்ஸ் என்ற மின்நிலையம் இருக்கிறது. நிலக்கரியில் ஓடியது, ஆறு அலகுகளில் நான்கை விறகுக்கு மாற்றினார்கள். மரத்தைத் தூளாக்கி அழுத்திச் செய்த வில்லைகள் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் போகின்றன. சர்வதேசக் கணக்கு முறைப்படி, அதன் புகைபோக்கியிலிருந்து போகும் கரியமிலவாயு பிரித்தானியாவின் எரிசக்திக் கணக்கில் சுழியம். மரம் வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில் அது ஏற வேண்டும்.

எங்கள் மலையகத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுபவர் இவரைக் கூட்டிப் போகலாம் என்று எழுதிய சீட்டு. கங்காணிக்குக் கங்காணி அது கைமாறும். வாங்கியது எங்கோ, எழுதியது எங்கோ, உழைத்து அடைத்தது வேறொருவர். 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தக் கதை கேட்டு வளர்ந்த எனக்கு, கடன் என்ற சொல்லை இவ்வளவு இலகுவாக எழுத முடியவில்லை.

என் பரிந்துரை ‘கரிம நிலுவை’. நில் என்ற வேர். அடைபடுமா என்று உறுதி சொல்லாத சொல். காற்றில் நிற்கிறது, அவ்வளவுதான்.

---

தைப்பிங் ஐயா எழுதியது (சனி மாலை):

ஹட்டன் நண்பரின் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பற்றை நான் திரும்பப் பெறுகிறேன். பாகான் செராய் தம்பியின் மகள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ‘பாக்கி’ அரபுச் சொல், அதை என்னால் ஏற்க முடியாது. நிலுவை நல்ல தமிழ்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அடைபடும் கடனும் உண்டு. இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மாத்தாங் சதுப்புநிலக் காடு. கோலா செப்பெத்தாங்கில் கரிச்சூளைகள் இருக்கின்றன. பனிக்குடிசை (இக்லூ) மாதிரி செங்கல் சூளை, வாசலை அடைத்து, உள்ளே மெல்ல வேகவிடுவார்கள். புகையின் மணத்தை வைத்தே உள்ளே எந்த நிலை என்று சொல்லிவிடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்தக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, சுற்று முறையில் வெட்டி வருகிறார்கள், இப்போதைய சுற்று 30 ஆண்டு. இன்று முழுதாக வெட்டிய இடத்துக்கு அடுத்த முழு வெட்டு 30 ஆண்டு கழித்துத்தான். ஒரு மூலையில் வெட்டும்போது மற்ற மூலைகள் வளர்கின்றன. அங்கே போய் நிலுவை என்று சொன்னால் அது காடு காத்தவர்களுக்கு நியாயமாகாது.

---

பாகான் செராய், ஆலைக்காரர் (ஞாயிறு காலை):

ஐயா, பாக்கி அரபு என்றால் நாம் தினம் சொல்லும் வசூலும் அரபுதான். அதையும் விட்டுவிடுவோமா? சரி, பெரியவர்களோடு வாதம் வேண்டாம். நான் ‘கடன்’ பக்கம் வருகிறேன். நார், ஓடு பற்றி எழுதினீர்களா டீச்சர்?

---

சுங்கை சிப்புட் டீச்சர் எழுதியது (ஞாயிறு இரவு):

எழுதிவிட்டேன் அண்ணே. தட்டியின் இடது பக்கம் முழுக்க உங்களுடையது: நார், ஓடு, வெறும் குலை, சாம்பல். உளி வைத்துத் தட்டியதைப் பிள்ளைகள் படமாகவே வரைந்துவிட்டார்கள்.

கார்பன் கிரெடிட்டுக்குக் ‘கரிம வரவு’, இதில் யாருக்கும் மறுப்பில்லை. கார்பன் டெப்டுக்குக் ‘கரிமக் கடன்’ என்றே போகிறேன். ஐந்து பேரில் மூன்று பேர் இந்தப் பக்கம், கிள்ளான் தம்பி இன்னும் டெப்ட் என்றே இருக்கிறார். ஹட்டன் ஐயாவின் மறுப்பை ஒதுக்க மனம் வரவில்லை. சொல்லுக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: ‘எரிப்பது ஒருவர். அடைப்பது மரம். மரம் நடாவிட்டால் இது அடைபடாது.’ மாத்தாங் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

---

ஹட்டனிலிருந்து (ஞாயிறு இரவு):

அந்த இரண்டு வரிக்கு நன்றி. தட்டி அச்சாகட்டும். என் கட்டுரைகளில் நிலுவை என்றே எழுதுவேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம்.

---

தைப்பிங் ஐயா (ஞாயிறு, இரவு வெகுநேரம்):

டீச்சர், ஹட்டன் நண்பர் ‘வில்லை’ என்று எழுதியிருந்தார், கவனித்தீர்களா? வில்லை என்றால் மாத்திரை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். அந்த மரத்துகள் கட்டி உருளையாக, விரல்கணு நீளத்தில் இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். தட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? அச்சுக்கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?