பாத்தாம் ஓரத்தில் ஒரு வீடு: குடியிருந்தவர்களும் பணம் போட்டவர்களும்

சிங்கப்பூரில் ஓர் அறைக்குக் கொடுக்கிற வாடகையில் எதிர்க்கரை இந்தோனேசியத் தீவான பாத்தாமில் முழு வீடே எடுக்கலாமே என்று எங்கள் வேலையிடத்தில் வாரத்துக்கு ஒருவராவது சொல்லிவிடுவார். நான் எடுத்தேவிட்டேன். வாங்கவில்லை, வாடகைதான். தஞ்சோங் உஞ்சாங் கப்பல் பட்டறைக்கு மாற்றல் வந்தபோது நகருக்குள் தங்காமல் செகுபாங் பக்கம் ஒரு பழைய மீனவர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு பிடித்தேன். மாதம் 20 லட்சம் ருப்பியா. கேட்க பயங்கரமாக இருக்கும், சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றினால் இருநூறுகூட வராது. மூன்று வருடம் ஆகிறது. என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

முதல் வாரமே நடுராத்திரியில் வாசல் மீட்டர் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. தீ விபத்து எச்சரிக்கையோ என்று கைலியோடு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு இபு (அம்மா) சன்னலைத் திறந்து, "தோக்கென் ஹாபிஸ், பாங்!" என்று சிரித்தார், டோக்கன் தீர்ந்துபோச்சு அண்ணே என்று அர்த்தம். இங்கே மின்சாரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் தட்டினால்தான் விளக்கு எரியும். அவர் மகன் தன் போனிலேயே வாங்கி, டார்ச் அடித்து, இலக்கம் இலக்கமாகப் படிக்கப் படிக்க நான் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மறுநாள் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒரு தட்டு நிறைய வறுத்த மரவள்ளியை நீட்டினார்.

அடுத்து பாக் எர்-டே. சில பத்து வீடுகளுக்கு ஒரு தலைவர், நம் ஊர் வார்டு மெம்பருக்கும் சின்னவர், அதிகாரம் மட்டும் பெரிசு. வெளியாள் இரவு தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகன் இரண்டு நாள் தங்கினான், நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இரவு ஒன்பதுக்கு வந்து நின்றார். திட்டவில்லை. காப்பி குடித்தார், தம்பியின் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டார், போகும்போது குப்பைக்கும் காவலுக்கும் நான் தர வேண்டிய மாதப் பணத்தையும் நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

ஒரு நாள் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பச்சை அட்டை போட்ட பத்திரத்தை எடுத்துக் காட்டினார். 'ஹாக் மிலிக்', அதாவது முழு உரிமைப் பட்டா. அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு அன்று புரியவில்லை. பாத்தாமில் அது சுலபமாகக் கிடைக்காது என்று பிறகுதான் தெரிந்தது. 1973-இல் அதிபர் சுஹார்த்தோ போட்ட ஆணையில் தீவு முழுவதும் தொழிற்பேட்டையாகி, நிலமெல்லாம் ஒரே ஆணையத்தின் கைக்குப் போய்விட்டது. உள்ளூர்க்காரரே வீடு வாங்கினாலும் நிலத்துக்கு 30 வருடக் குத்தகைப் பணம் கட்டித்தான் உட்கார வேண்டும். 'கம்போங் துவா' என்று பட்டியலிட்ட பழைய கிராமங்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கும் 2019 வாக்கில்தான் இந்தப் பட்டா வரத் தொடங்கியது. மனிதர் தாத்தா காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கிறார்!

இப்போது, பத்திரத்தைத் தன் மகன் பெயரில் வைத்துக்கொண்டு வீட்டை எனக்கு விற்பதாகச் சொல்கிறார். யாராவது அப்படி வாங்கியிருக்கிறீர்களா?

* * *

தம்பி, நான் வாங்கியவன். முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

2009. வார இறுதிக்கு ஒரு வீடு இருந்தால் நல்லது என்று தோன்றிய வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து ஃபெரியில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், கிளம்பிய நேரத்துக்கே போய் இறங்கிவிடுவோம். அந்தச் சந்தோஷத்திலேயே பாதி புத்தி போய்விடும். என்னோடு இருபது வருடம் பழகிய இந்தோனேசிய நண்பர் பெயரில் பத்திரம், பணம் முழுக்க என்னுடையது. நோட்டரி மூன்று தாள் போட்டார்: நண்பர் எனக்குக் கடன்பட்டவர் என்று ஒன்று, வீட்டை எனக்குக் குத்தகை விட்டதாக ஒன்று, விற்கும் அதிகாரத்தை எனக்குத் தந்ததாக ஒன்று. மூன்றும் சேர்ந்தால் இரும்புப் பூட்டு என்றார்.

நண்பர் தங்கமான மனிதர். கடைசிவரை ஒரு காசு கேட்டதில்லை. 2017-இல் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பது நாள் கழித்துப் போனேன். அவர் மூத்த மகள் தே ஓபெங் கொண்டுவந்து வைத்தாள். பாத்தாமில் ஐஸ் போட்ட தேநீருக்கு அதுதான் பெயர். "அங்கிள், இது அப்பா வீடுதானே?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. அப்பா வீட்டில் சொல்லியே இருக்கவில்லை.

வக்கீலிடம் போனேன். அவர் 1960-ஆம் வருட நிலச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். வெளிநாட்டவர் கைக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ முழு உரிமை நிலம் போனால் அந்தக் கைமாற்றே செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. "உங்கள் வீடு ஹாக் மிலிக் இல்லை, அதனால் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அந்த மூன்று தாளும் எதற்காகப் போட்டவை என்று நீதிபதிக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

சரி, வாதாடி ஜெயித்தால்தான் என்ன கிடைக்கும் என்று பார்த்தேன். பத்திரத்தில் 30 வருடம் என்றிருந்ததை நான் வாங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அது கட்டடக்காரருக்கு நிலம் ஒதுக்கிய 1996-லிருந்து ஓடிக்கொண்டிருந்ததாம். எனக்கு விற்கும்போதே 13 வருடம் கரைந்திருந்தது. நீட்டிக்கப் பணம் கட்டினால் இன்னும் 20 வருடம் கிடைக்கும். யார் பெயரில், யார் கட்டுவது? விட்டுவிட்டேன். அந்தப் பெண் இன்னும் ஹரி ராயாவுக்கு வாழ்த்து அனுப்புகிறாள்.

உங்களுக்கு வருவது ஹாக் மிலிக் நிலம். எனக்கிருந்த அந்தச் சின்ன வாதம்கூட உங்களுக்கு இருக்காது. வெளிநாட்டவருக்கு 'ஹாக் பாக்காய்' (பயன்படுத்தும் உரிமை) என்ற வழி முறைப்படி இருக்கிறது, அதற்குக் குறைந்தபட்ச விலையை மாகாணவாரியாக வைத்திருக்கிறார்கள். மீனவர் வீடு அந்த விலைக்குக் கிட்டக்கூட வராது.

* * *

அங்கிள் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் மலேசியாவின் ஜோகூர்க்காரி, என் கணவர் பாத்தாமிலேயே வளர்ந்த ஜாவாக்காரர். 2014-இல் கல்யாணம். மறு வருடம் அவர் பெயரில் வீடு வாங்கப் போனால் நோட்டரி, கல்யாணத்துக்கு முன்னால் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் போட்டீர்களா என்று கேட்டார். போடவில்லை. போடாவிட்டால் வாங்குவதெல்லாம் இருவருக்கும் பொது, பாதி எனக்கு, நான் வெளிநாட்டுக்காரி, ஆகவே இவருக்கும் கிடையாது! சொந்த நாட்டில் சொந்தப் பணத்தில் வீடு வாங்க முடியாதவராக இவரை ஆக்கிவிட்டேனே என்று அன்றிரவு அழுதேன். இவர் மீ கோரேங் வாங்கிவரப் போய்விட்டார். ஆண்களுக்கு அது ஒரு வசதி.

2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தம் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. எங்களைப் போலவே மாட்டிக்கொண்ட ஓர் இந்தோனேசியப் பெண் போட்ட வழக்கு. நாங்கள் 2017-இல் போட்டோம், வாங்கினோம். வாங்குகிறவருக்கு 5 சதவீத வரி உண்டு, விற்கிறவருக்கு 2.5. கையில் எடுத்துவைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து பாருங்கள், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. இந்தத் தீவில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆறு கிடையாது, மழைநீரைத் தேக்கித்தான் குடிக்கிறோம். பெரிய ஏரியான துரியாங்காங்கே கடல் கழிமுகத்தை அடைத்து உண்டாக்கியதுதான். எங்கள் தெரு கொஞ்சம் மேடு, பகலில் தண்ணீர் ஏறாது. ஏழு வருடமாக டிரம் நிரம்பும் சத்தத்தில்தான் தூங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாக்கடை தூர்வாரப் போனால் அங்கே என் பெயர் 'இபு இந்தியா'. ஜோகூர் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

* * *

நான் வாங்காதவன். ஆனாலும் எழுதுகிறேன்.

2022-இல் ஒரு தரகர் என்னை, தீவுகளை இணைக்கும் பாரெலாங் பாலங்களைத் தாண்டி ரெம்பாங் தீவுக்கு அழைத்துப்போனார். கடலோரம் ஒரு ஹெக்டேர், தென்னை, டுரியான், தட்டுமுட்டாக ஒரு பலகை வீடு. விற்க நினைத்தது மருமகன், பெரியவருக்கு மனசில்லை. எல்லை எதுவரை என்று கேட்டேன். "அந்த டுரியானிலிருந்து, பெரிய அலை ஏறுகிற இடம் வரை" என்று கையைக் காட்டினார். சின்ன அலை நாளில் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். காட்டை வெட்டித் திருத்தியவருக்குக் கிராமத் தலைவர் எழுதிக் கொடுத்த 'சூராட் தெபாஸ்' ஒன்றுதான் தாள். பேனாவால் போட்ட வரைபடம், கடல் பக்கம் மூன்று நெளி கோடுகள். நோட்டரி அதைத் தொடவே மாட்டேன் என்றார். அதனால் திரும்பிவிட்டேன், என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அடுத்த வருடம் அந்தத் தீவில் கண்ணாடித் தொழிற்சாலையும் புது நகரும் வரப்போவதாகச் சொல்லி ஏறத்தாழ 7,500 பேரை இடம் மாற்றப் போகிறார்கள் என்று செய்தி. 2023 செப்டம்பர் 7 அன்று நிலம் அளக்க வந்தவர்களை மக்கள் பாலத்தில் மறிக்க, கண்ணீர்ப்புகை பள்ளிக்கூடம் வரை போயிற்று. ஒரு வாரம் கழித்து அந்த மருமகன் அழைத்தார். பணம் கேட்பார் என்று நினைத்தேன். "அன்றைக்கு நீங்கள் படம் எடுத்தீர்களே, இருக்கிறதா? ஒருவேளை மரம் எத்தனை என்று கணக்குக் காட்டச் சொன்னால் வேண்டியிருக்கும்" என்றார். பதினான்கு படம் இருந்தது. ஒன்றில் பெரியவர் டுரியானுக்குக் கீழே கையை நீட்டி எல்லை காட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லாவற்றையும் அனுப்பினேன்.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி. நண்பர் பெயரில் வாங்கிய ஐயா எழுதியதை வீட்டுக்காரருக்கு மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "என் மகனும் அப்படித்தான் செய்வான்" என்றார். அதோடு விற்பனைப் பேச்சு முடிந்தது. இரண்டு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்து, 10,000 ருப்பியா மெத்ராய் முத்திரை ஒட்டி ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். சாட்சிக் கையெழுத்து பாக் எர்-டே. பேனாவை மூடியதும் ஆகஸ்ட் 17 சுதந்திர தினத்துக்கு நன்கொடை கேட்டார், கொடுத்தேன். இந்த வருடம் கமுகு மரம் ஏறும் போட்டியில் மரத்துக்கு எண்ணெய் பூசும் வேலையும் எனக்குத்தானாம். பட்டறையிலிருந்து கிரீஸ் கொண்டுவரலாமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.