ஐகானின் நிறம் மாறியதும் அம்மா தடுமாறுகிறார், என்ன செய்யலாம்?

ஈசூன் மலர்:
அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. போனில் எல்லாமே நிறத்தை வைத்துத்தான். பஸ் நேரம் பார்க்கும் செயலி ஆரஞ்சு, வங்கி நீலம். போன வாரம் அப்டேட்டில் பஸ் செயலியும் நீலமாகிவிட்டது. புளோக்குக்குக் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "பஸ்ஸ அமுக்கினா பாஸ்வேர்ட் கேக்குதும்மா" என்று எனக்குப் போன் செய்கிறார். வெறும் அழகுக்காக இப்படி மாற்றலாமா? ஐபோன்தான்.

கிளமெண்டி வாசி:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கொஞ்ச நாளில் பழகிவிடும், கவலைப்படாதீர்கள்.

கோடும் நிறமும்:
பழகிவிடும் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. செயலிகளுக்குத் திரை வடிவமைப்பதுதான் என் வேலை. கண் முதலில் பிடிப்பது நிறத்தையும் இடத்தையும்தான். உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்பதை அப்புறம்தான் கவனிக்கிறோம். 2020இல் கூகுள் நிறுவனம் தன் ஜிமெயில், கேலண்டர், டிரைவ், மீட் எல்லாவற்றுக்கும் ஒரே நான்கு நிறங்களைப் பூசியது. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு. வரிசையாக வைத்தால் எது எது என்று தேட வேண்டியிருந்தது.

2013இல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 7 வந்தபோது நடந்தது இன்னும் மோசம். நிழலோடு பட்டன்களின் விளிம்பும் போய், வெறும் எழுத்துதான் மிஞ்சியது. எதை அமுக்கலாம் என்பதே பலருக்குப் புரியவில்லை. அடுத்த ஆண்டே 7.1இல், பட்டனுக்கு வடிவம் காட்டும் வசதியை ஆப்பிள் சேர்த்தது.

சரி, அம்மாவுக்கு வருவோம். ஷார்ட்கட்ஸ் செயலியில் 'ஓபன் ஆப்' எடுத்து, பஸ் செயலியைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' கொடுக்கும்போது ஐகானுக்கு நீங்கள் எடுத்த படத்தையே போடலாம், பெயரையும் தமிழில் 'பஸ்' என்றே வைக்கலாம். உங்கள் பஸ் ஸ்டாப்பைப் படம் எடுத்துப் போடுங்கள். நிறுவனம் நாளைக்கு எந்த நிறம் பூசினாலும் அது மாறாது.

மன்றத் தொண்டூழியர்:
அதோடு, அந்த ஐகானைக் கீழ்வரிசையில் வையுங்கள். திரையைத் தள்ளினாலும் கீழ்வரிசை நகராது. சமூக மன்றத்தில் முதியோருக்குப் போன் சொல்லித் தரும்போது நான் முதலில் செய்வது இதைத்தான். வங்கியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள், கை தவறி அமுக்கும் பயமும் இருக்காது.

ஈசூன் மலர்:
இரண்டையும் செய்துவிட்டேன், மிக்க நன்றி. பஸ் ஸ்டாப் வேண்டாமாம், பச்சை பஸ்ஸையே போடச் சொன்னார், போட்டாயிற்று. அப்பாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. அதிலும் இப்படிச் செய்ய வழி இருக்கிறதா?