தம்பியின் 1098-டி: முழுப் புலமைப்பரிசிலுக்கும் வரியா?

வட்டக்கச்சி ரீச்சர்:
தம்பி அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் இரண்டாம் வருடம் படிக்கிறான். நான் இங்கே உயர்தரத்துக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். "நீ கணக்கீட்டு ரீச்சர் தானே, பார்" என்று இரண்டு படிவங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். 2025ஆம் ஆண்டுக்கானவை. கம்பஸ் கொடுக்கும் கல்விக் கட்டண விவரப் படிவமான 1098-டியில் பெட்டி 1 (கட்டிய கல்விக் கட்டணம்) 24,000 டொலர், பெட்டி 5 (புலமைப்பரிசில்) 31,000. மற்றது 1042-எஸ் (வெளிநாட்டவருக்குக் கொடுத்த காசையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம்), 7,000க்கு 980 டொலர் வரி பிடித்திருக்கிறார்கள். அந்த 7,000 விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் நேரே போன காசு, அவன் கையில் ஒரு சதம் வரவில்லை. அம்மா கிளிநொச்சிச் சந்தை வரைக்கும் "எல்லாம் இலவசம்" என்று சொல்லி வைத்திருக்கிறா. அப்போ ஏன் வரி? அறையில் கூட இருக்கும் மதுரைப் பெடியன் "நிலையான கழிவைப் (வருமானத்தில் வரியில்லாமல் கழிக்கும் குறித்த தொகை) போடு, வரியே வராது" என்கிறானாம். வரிப் படிவம் போட ஏப்ரல் 15 கடைசி நாள் என்றும் சொல்கிறார்கள். வருடப்பிறப்புக்கு அடுத்த நாள்!

ஒட்டுசுட்டான்காரன்:
ரீச்சர், காசு கையில் வந்ததா என்பது கணக்கில்லை, எதற்குப் போனது என்பதுதான் கணக்கு. கல்விக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், உபகரணம் ஆகியவற்றுக்குப் போன பங்குக்கு வரி இல்லை. விடுதி, சாப்பாடு, பயணத்துக்குப் போனது வருமானம். வெளியே வாங்கிய புத்தகங்கள் பெட்டி 1இல் வராது, பற்றுச்சீட்டு இருந்தால் நீங்களே கழிக்கலாம். மடிக்கணினி என்றால், அந்தப் பாடத்தில் எல்லோருக்கும் கட்டாயம் என்றிருக்க வேண்டும்.

மதுரைத் தம்பி பொய் சொல்லவில்லை. இந்திய மாணவர்களுக்கு அவர்கள் நாட்டு வரி ஒப்பந்தத்தில் அந்தக் கழிவு உண்டு, இலங்கையர் எங்களுக்கு இல்லை. தமிழ் ஒன்றுதான், கடவுச்சீட்டு வேறு. நான் முதல் வருடம் கூட்டாளிகளைப் பார்த்து, வதிவாளர்கள் போடும் சாதாரண 1040ஐப் போட்டேன். படிப்புச் சலுகை என்று 1,000 டொலர் வந்தது. எஃப்-1இல் முதல் ஐந்து நாட்காட்டி வருடங்களுக்கு வரிக் கணக்கில் நாங்கள் வதிவாளர் இல்லை, அந்தச் சலுகையும் இல்லை. பிறகு திருத்தப் படிவம் போட்டு, வட்டியோடு திருப்பிக் கட்டினேன். தம்பிக்கு வதிவாளர் அல்லாதவர்களின் வரிப் படிவமான 1040-என்ஆர். கூடவே, அந்த ஐந்து வருடச் சலுகைக்குள் இருப்பதைக் காட்டும் 8843.

மாங்குளம் மச்சான்:
சம்பளம் எடுக்கிறானா? இல்லையென்றால் கடைசி நாள் ஜூன் 15. வளாகத்துக்குள் வேலை செய்து சம்பளத்தில் வரி பிடித்திருந்தால்தான் ஏப்ரல் 15.

வட்டக்கச்சி ரீச்சர்:
வேலை இல்லை. நல்லவேளை, வருடப்பிறப்புப் பொங்கலை நிம்மதியாகப் பொங்கலாம். தம்பியை எழுப்பிக் கேட்டேன்: கட்டாயப் புத்தகங்கள் 600 டொலர், பற்றுச்சீட்டு மின்னஞ்சலில் இருக்கிறதாம். அப்படியென்றால் 31,000இலிருந்து 24,600 போக 6,400. அதற்கு 10 வீதம் 640. பிடித்தது 980. மிச்சம் 340 திரும்பி வர வேண்டும். சரியா?

ஒட்டுசுட்டான்காரன்:
வேறு வருமானம் இல்லையென்றால் சரி. அவர்கள் 14 வீதம் பிடித்ததால்தான் மிச்சம் வருகிறது. 1042-எஸ்ஸை இணைக்கச் சொல்லுங்கள். அவன் இருக்கும் மாநிலத்துக்கும் தனியாக வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: அடுத்த தவணைக் கட்டணத்தை டிசம்பரிலேயே கட்டியிருந்தால் அது இந்த வருடப் பெட்டி 1இல் விழும், அதற்கான புலமைப்பரிசில் ஜனவரியில் வரும், இரண்டு பெட்டிகளும் பொருந்தாது. கம்பஸ் கணக்கை ஒருக்கால் திகதி பார்த்துச் சரிபாருங்கள்.

வட்டக்கச்சி ரீச்சர்:
பார்த்தேன், டிசம்பரில் ஒன்றும் கட்டவில்லை. அம்மாவிடம் 340 டொலர் திரும்பி வரும் என்றேன். "நான் அப்பவே சொன்னேன், இலவசம் என்று" என்கிறா.