முதல் கேம் இன்ஜின்: எதில் தொடங்கினீர்கள், என்ன நடந்தது?

இழையைத் தொடங்கியவர்:

அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறப்பதற்காகக் காத்திருக்கிறான். விளையாடியது போதும், இனி கேம் செய்யப் போகிறேன் என்கிறான். நல்லதுதான். ஆனால் எந்த இன்ஜினில் (கேம் உருவாக்க உதவும் மென்பொருள்) தொடங்குவது என்று வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இன்னும் திரையில் ஒரு சதுரத்தைக்கூட நகர்த்திய பாடில்லை. யூனிட்டி என்கிறார் ஒருவர், கோடோ என்கிறார் இன்னொருவர், மூன்றாமவர் அன்ரியலின் காட்சியைப் போட்டுக் காட்டி அவன் தூக்கத்தையே கெடுத்துவிட்டார்.

அவனிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இணையம் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வருகிறது. பள்ளியில் படித்த பைத்தான் கொஞ்சம் தெரியும். ஓடிக் குதிக்கும் 2டி விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்பது ஆசை.

எது சிறந்தது என்ற பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. நீங்கள் எதைத் தொட்டீர்கள், தொட்ட பிறகு என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்.

கைபேசி கேம் நிறுவனத்தில் வேலை செய்பவர்:

யூனிட்டியில் தொடங்கினேன், இன்றும் அதில்தான் சோறு. நான் கற்றபோது அக்கம்பக்கத்தில் கேட்க ஆள் இருந்தது யூனிட்டிக்கு மட்டும்தான். எந்தப் பிழைச் செய்தியைத் தேடினாலும் எனக்கு முன்பே யாரோ அதில் மாட்டிக்கொண்டு, யாரோ பதிலும் சொல்லியிருப்பார்கள். புதியவருக்கு இது பெரிய துணை. சி ஷார்ப் மொழி முதலில் முரண்டு பிடிக்கும்; ஆனால் கேம் துறையை விட்டு வெளியே போனாலும் அது பயன்படும். ஹாலோ நைட், கப்ஹெட் இரண்டும் யூனிட்டியில் செய்தவை என்பதால் 2டிக்கு ஆகாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

பலர் மிரண்டு ஓடும் இடம் ஒன்று உண்டு. புதுத் திட்டம் திறக்கும்போதே எந்த ரெண்டர் பைப்லைன், அதாவது காட்சியைத் திரையில் வரையும் முறை எது என்று கேட்கும். அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, யூனிட்டியின் இணையக் கடையிலிருந்து ஒரு மரத்தையோ வீட்டையோ இறக்கி வைத்தால் எல்லாம் பளீரென்ற இளஞ்சிவப்பில் நிற்கும். அந்தப் பொருளின் ஷேடர் (நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரல்) வேறு பைப்லைனுக்காக எழுதப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். என்னோடு படித்த ஒருவர் கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கணினியைப் பழுது பார்க்கும் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

ஹாட்ஸ்பாட் என்றீர்கள். கேமை உருவாக்கும் திரையான எடிட்டரையும் ஆண்ட்ராய்டுக்கான கூடுதல் தொகுப்பையும் சேர்த்து இறக்கினால் பல ஜிபி போகும். நல்ல வைஃபை உள்ள வீட்டில் ஒரு மாலை உட்காரச் சொல்லுங்கள்.

கோடோவுக்கு மாறியவர்:

மேலே பேசிய நண்பர் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார். 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வருவாயையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும் என்றதுதான் எல்லோரையும் கொதிக்க வைத்தது. சில நாட்களில் தணித்துத் திருத்தினார்கள், அடுத்த மாதம் தலைமை அதிகாரி விலகினார், 2024 செப்டம்பரில் கட்டணத்தையே கைவிட்டார்கள். ஆனாலும் போனவர்கள் போனவர்கள்தான். ஸ்லே தி ஸ்பயர் இரண்டாம் பாகத்தைச் செய்தவர்கள் கோடோவுக்கு மாறினார்கள். டெர்ரேரியா விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் கோடோவுக்கு 1,00,000 டாலர் நன்கொடை கொடுத்தது.

கோடோ, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள். நாளைக்கே அதன் நிர்வாகிகள் மனம் மாறினாலும் என் கையில் இருக்கும் பதிப்பை யாரும் பிடுங்க முடியாது. எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

கைபேசி கேம் நிறுவனத்தில் வேலை செய்பவர்:

கொதித்ததில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இலவசப் பதிப்பில் அந்தக் கட்டணம் தொடங்குவதாக இருந்தது 2,00,000 டாலர் வருவாயையும் 2,00,000 நிறுவல்களையும் தாண்டிய பிறகு. அக்கா மகன் அந்த எல்லையைத் தொட்டால் நாம் எல்லோரும் அவனிடம் வேலைக்குப் போகலாம்.

ஓவியர்:

எனக்கு நிரல் எழுதத் தெரியாது, இப்போதும் பெரிதாகத் தெரியாது. படம் வரைவேன், கதை எழுதுவேன். ஒரு கல்லூரி விடுதியில் நடக்கும் கதை, வாசகர் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப முடிவு மாறும், அவ்வளவுதான் என் விளையாட்டு. அதற்கு எந்த இன்ஜின் என்று கேட்டபோது ஆளாளுக்கு யூனிட்டி, அன்ரியல் என்றே சொன்னார்கள். யாரும் “என்ன விளையாட்டு?” என்று கேட்கவில்லை.

ரென்பை என்று ஒன்று இருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. 2004 முதல் இருக்கிறது, இலவசம், காட்சிக் கதைகளுக்கென்றே உருவானது. நாடகப் பிரதி எழுதுவது போலவே எழுத வேண்டும்: பாத்திரத்தின் பெயர், மேற்கோள் குறிக்குள் வசனம். மெனு என்று போட்டு இரண்டு விடைகள் கொடுத்தால் வாசகர் தேர்ந்தெடுக்கிறார், அங்கிருந்து கதையின் வேறு பகுதிக்குத் தாவச் சொல்லலாம். விளையாட்டைச் சேமிப்பது, பின்னோக்கிச் செல்வது, ஒலி அளவு மாற்றும் திரை எல்லாம் தானாகவே கிடைக்கும். வேறு இன்ஜினில் அந்தச் சேமிக்கும் வசதியை மட்டும் உருவாக்கவே நான் திணறியிருப்பேன்.

ஒரு சந்திப்பில் என் விளையாட்டைக் காட்டியபோது ஒருவர், “இதெல்லாம் இன்ஜினில் சேர்த்தி இல்லை” என்றார். அவருடைய விளையாட்டைக் காட்டச் சொன்னேன். இன்னும் இன்ஜினைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அன்ரியலில் இருப்பவர்:

உங்கள் பையனின் தூக்கத்தைக் கெடுத்த காட்சிகளுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்! அந்த அழகு உண்மைதான். புனேயில் செய்த ராஜி விளையாட்டைப் பார்த்துத்தான் நானும் அன்ரியலுக்கு வந்தேன். ஆனால் அன்ரியல் 5-க்கு அதன் ஆவணங்களே பரிந்துரைப்பது 32 ஜிபி ரேம். 8 ஜிபியில் திறக்கலாம். ஷேடர்கள் தொகுக்கப்பட்டு முடியும்வரை குளித்துச் சாப்பிட்டும் வரலாம்.

ப்ளூபிரிண்ட் முறையில் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்தே முழு விளையாட்டையும் செய்ய முடியும். நான் அப்படித்தான் கற்றேன். முதல் வாரம் ஆனந்தம். கதவு திறப்பது, விளக்கு எரிவது, எதிரி துரத்துவது எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்த பிறகு அது நிஜமாகவே இடியாப்பச் சிக்கல். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று எழுதியவனுக்கே தெரியாது. 3டிதான் வேண்டும், கணினியும் இருக்கிறது என்றால் வாருங்கள். ஓடிக் குதிக்கும் 2டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

பள்ளி ஆசிரியை:

மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கேம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறேன். சிறியவர்களுக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட, கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் ஸ்கிராட்ச்தான். அதைத் தாண்டியவர்களில் ஒரு பகுதியினர் ஜிடெவலப்புக்குப் போகிறார்கள். அது உலாவியிலேயே ஓடும், “இது நடந்தால் அதைச் செய்” என்று நிகழ்வுகளை அடுக்கினால் போதும். தட்டச்சு செய்யப் பயமில்லாதவர்களைக் கோடோவுக்கு அனுப்புகிறேன். பைத்தான் தெரிந்த பிள்ளைக்குக் கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் அந்நியமாகத் தோன்றாது. அதே போல உள்தள்ளி எழுதும் மொழிதான். நிறுவ வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே கோப்பு, பென்டிரைவில் போட்டு வகுப்பில் உள்ள எல்லாக் கணினிகளிலும் ஓட்டுகிறேன். உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்கும் அதுதான் ஏற்றது.

என் வகுப்பில் அதிகக் கண்ணீர் சிந்த வைத்தது பழைய வீடியோக்கள். கோடோ 4 வந்தது 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய மூன்றாம் பதிப்புக்கான பாடங்கள் இணையம் முழுவதும் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் நாயகனுக்கு கைனமேட்டிக்பாடி என்ற கணுவை (கோடோவில் விளையாட்டைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) சேர்க்கச் சொல்வார்கள்; நான்கில் அதன் பெயர் கேரக்டர்பாடி. மூன்றில் நகர்த்தும் கட்டளைக்குள் வேகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கில் அடைப்புக்குறி காலியாக இருக்க வேண்டும், வேகம் கணுவின் பண்பாகவே இருக்கிறது. பிள்ளை வீடியோவில் பார்த்ததை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்திருக்கும், திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். “எனக்கு மூளை இல்லை மிஸ்” என்று ஒருவன் சொன்னபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. வீடியோவைத் திறந்ததும் முதலில் பதிப்பு எண்ணைப் பார், அது சரியாக இருந்தால் மட்டும் மேலே போ என்று இப்போது பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று எந்த இன்ஜினுக்கும் பொருந்தும். ஒரு மாணவியின் முயல் பள்ளிக் கணினியில் நிதானமாக ஓடியது, அவள் அண்ணனின் புதுக் கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் திரையைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் வரையப்படும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை புள்ளி நகர் என்று அவள் எழுதியிருந்தாள். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கணினியில் ஒரு வேகம், 144 ஓடும் கணினியில் இரண்டு மடங்குக்கும் மேல். முந்தைய பிரேமிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்பதை டெல்டா என்ற எண் சொல்லும். வேகத்தை அதனால் பெருக்கினால் எல்லாக் கணினியிலும் முயல் ஒரே மாதிரி ஓடும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை பிறகு எந்த இன்ஜினுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்கிறது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றீர்களே, கோடோவில் புதுத் திட்டம் தொடங்கும்போது திரையில் படம் வரையும் பகுதியாகக் கம்பேட்டிபிலிட்டி என்ற ரெண்டரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய கணினிக்கு அதுதான் தோது. செய்ததை உலாவியில் ஓட வைப்பதற்கும் அதுவே வேண்டும்.

பழைய கேம்மேக்கர் ஆள்:

கேம்மேக்கரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அண்டர்டேல் விளையாட்டு அதில் செய்ததுதான். 2023 நவம்பர் முதல், காசுக்கு விற்காதவரை இலவசம். 2டியில் இத்தனை விரைவாக எதையாவது ஓட வைக்கும் கருவி வேறு இல்லை என்பது என் பிடிவாதம். மேலும், பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டைச் செய்தவர் லவ் என்ற சின்னக் கட்டமைப்பில் லுவா மொழியில் எழுதியே செய்தார், எடிட்டர்கூடக் கிடையாது.

தமிழ்ச் சொல் விளையாட்டு செய்தவர்:

யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். என் விளையாட்டு தமிழில் இருக்க வேண்டும். சிதறிய எழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்குவதுதான் ஆட்டமே. நான் முதலில் எடுத்த இன்ஜினின் பெயர் வேண்டாம். எழுத்துருவை ஏற்றி “கொக்கு” என்று அடித்தேன். ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கினால் போதும். தமிழில் கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும், காலைப் பின்னே வைக்க வேண்டும், “கு” போன்றவற்றுக்கு உருவத்தையே மாற்ற வேண்டும். இதைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகம் இன்ஜினுக்குள் இல்லாவிட்டால் தமிழ் சிதறிப் போகும். அந்நாளில் பலர் செய்தது போல யூனிகோடை விட்டுவிட்டுப் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றினேன். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வெறும் ரோமன் எழுத்துக் குவியல்.

கோடோ நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே வந்தது. அன்றே மாறினேன். அன்ரியலிலும் அது உண்டு. கன்ஸ்ட்ரக்ட், ஜிடெவலப் போல உலாவியில் ஓடும் கருவிகளில் எழுத்தை உலாவியே வரைவதால் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

திரையில் சரியாகத் தெரிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். “தமிழ்” என்ற சொல்லின் நீளம் என்ன என்று நிரலில் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அப்படியே வெட்டிக் கட்டங்களில் போட்டால் ஒரு கட்டத்தில் புள்ளி மட்டும் அநாதையாக நிற்கும். அடுத்து வருவது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டு என்று சின்னச் செயல்கூறு ஒன்றை எழுதிக்கொண்டேன். “க்ஷ” வந்தால் மட்டும் தனிக் கவனம் தேவை.

இழையைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் அவனைப் படிக்க வைத்தேன். மிஸ் சொன்ன பதிப்பு எண் விஷயத்தைப் படித்ததும், பார்த்து வைத்திருந்த வீடியோக்களில் பாதியை அவனே அழித்தான். கோடோவை இறக்கிவிட்டான். இப்போது கேள்வி என்னுடையது: தமிழ் எழுத்துருவை விளையாட்டோடு சேர்த்து வெளியிட்டால் உரிமப் பிரச்சினை வருமா?

தமிழ்ச் சொல் விளையாட்டு செய்தவர்:

எழுத்துருவைப் பொறுத்தது. கணினியோடு வரும் எழுத்துருக்களை எடுத்துப் போட வேண்டாம்; பலவற்றுக்கு அந்த அனுமதி கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது. விளையாட்டோடு சேர்க்கலாம், விற்கலாம், எழுத்துருவைத் தனியாக மட்டும் விற்கக் கூடாது. உரிமக் கோப்பையும் உடன் வைக்கச் சொல்லுங்கள். கோடோவின் இயல்பான எழுத்துருவையே நம்ப வேண்டாம். விளையாட்டின் தோற்றத்தை மொத்தமாக அமைக்கும் தீமில் இதை இயல்பு எழுத்துருவாக வைத்துவிட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக மாற்றும் வேலை மிச்சம்.