தக்கலை பக்கம் வீட்டுக்கு பேவர் பிளாக் போட ஆள் வேண்டும், எதைப் பார்த்து வேலையைக் கொடுப்பது?

மஸ்கட்_தக்கலை

எல்லாருக்கும் வணக்கம். வீடு தக்கலை பக்கம், நான் மஸ்கட்டில் இருக்கிறேன், ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். கேட்டிலிருந்து கார் ஷெட் வரை 60 அடி நீளம், 12 அடி அகலத்தில் வழி, ரோட்டைப் பார்த்து நல்ல சரிவு. பின்னால் அடுக்களை வாசலை ஒட்டி 20க்கு 18 அடி முற்றம், கிணறும் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் செம்மண், அதன்மேல் பேவர் பிளாக், அதாவது காங்கிரீட்டில் அச்சடித்த தரைக்கல், பதிக்க வேண்டும். போன ஆனி மாத மழையில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து கை எலும்பு விலகிவிட்டது, இனியும் தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

இரண்டு பேரிடம் ரேட் கேட்டேன். ஒருவர் கல்லும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 68 ரூபாய் சொல்கிறார், மற்றவர் 92. மொத்தம் 1,080 சதுர அடி, அப்போ ஏறக்குறைய 26,000 ரூபாய் வித்தியாசம். கல் ஒரே 60 எம்எம் கல்தான் என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். பிறகு எதற்கு இவ்வளவு வித்தியாசம்? நான் நேரில் நின்று பார்க்க முடியாது, அப்பாவுக்கு 71 வயது. என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சில்_சைட்

தம்பி, அந்த வித்தியாசம் கல்லில் இல்லை, கல்லுக்கு அடியில் இருக்கிறது. 68 சொன்னவரிடம் "எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மண்ணை மேலாக வழித்து நிரப்பாக்கி, இரண்டு இஞ்ச் பாறைப்பொடி விரித்து, அதன்மேல் கல்லை அடுக்கிவிட்டுப் போவதற்கு அந்த ரேட் தாராளம். முதல் மழைக்காலம் வரை அழகாகவே இருக்கும். அப்புறம் கார் சக்கரம் உருளும் இடம் இரண்டு வாய்க்கால் மாதிரி இறங்கும்.

கார் போகும் வழிக்குக் குறைந்தது 6 இஞ்ச் வெட்மிக்ஸ் (சல்லியும் பாறைத்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது) வேண்டும். அதையும் ஒரே தடவையாகக் கொட்டக் கூடாது, 3 இஞ்ச் கொட்டி, தண்ணீர் தெளித்து, பிளேட் கம்பாக்டர் (அதிர்ந்து தரையை இறுக்கும் மிஷின்) வைத்து இடித்து, அதற்குமேல் அடுத்த 3 இஞ்ச். அதன்மேல் மெத்தையாக ஒரு இஞ்ச் எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) அல்லது 6 எம்எம் சிப்ஸ் (பொடிச் சல்லி), அப்புறம்தான் கல். கணக்குப் பார்த்தால் ஒன்பதரை இஞ்ச் தோண்ட வேண்டிவரும். மெத்தைக்குப் பாறைப்பொடி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அதில் மாவு அதிகம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி ஏறும்போது சேறாகி மேலே வரும்.

நம்ம மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் வேறு. உங்கள் பக்கத்துச் செம்மண் இறுகக்கூடியது, நல்லா இடித்தால் 6 இஞ்ச் தாங்கும். தோவாளை, பூதப்பாண்டி பக்கம் பழைய வயலில் மண் நிரப்பிக் கட்டிய வீடு என்றால் நான் 6 இஞ்சோடு நிறுத்த மாட்டேன். மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர மணல் என்றால் ஓரக்கல் பலமாக இல்லாவிட்டால் எல்லாமே பக்கவாட்டில் நகரும். அதனால் நாகர்கோவிலில் யாரோ போட்ட ரேட்டை வைத்து உங்கள் வீட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கல்லைப் பொறுத்தவரை ஐஎஸ் 15658 என்று ஒரு இந்தியத் தரம் இருக்கிறது, அதன்படி கார் மாதிரி லேசான வண்டிக்கு 60 எம்எம் கனம், எம்35 (காங்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் எண்) போதும். தண்ணீர் லாரியோ டிப்பரோ உள்ளே வரும் என்றால் 80 எம்எம், எம்40 போடுங்கள். வாங்கும் யார்டிலிருந்து இரண்டு கல்லை அப்பாவை எடுத்துவரச் சொல்லுங்கள். வெயிலில் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் முக்கி, துடைத்துவிட்டுத் திரும்ப எடை போட வேண்டும். 5 கிலோ கல் 300 கிராமுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது, தரத்தில் சொல்லும் 6 சதவீதம் அதுதான். வீட்டில் செய்வது லேப் சோதனை ஆகாது, ஆனாலும் அரை கிலோ குடிக்கும் கல்லைக் கண்டுபிடித்துவிடலாம். அச்சிலிருந்து எடுத்து 28 நாள் ஆகாத கல்லை ஏற்றவிடாதீர்கள்.

கருங்கல்_டீச்சர்

நான் அனுபவப்பட்டதைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம், பெயர் சொல்ல விரும்பவில்லை. தோண்டவே இல்லை, இருந்த தரைக்கு மேலேயே போட்டார்கள். முடிந்த அன்று சாயங்காலம் கேட்டைத் திறந்தால் திறக்கவில்லை, கல் நாலு இஞ்ச் உயர்ந்து கேட் தட்டுகிறது. வெல்டரைக் கூப்பிட்டு கேட்டின் அடியை வெட்டினோம். அதைக்கூட விடுங்கள், சிட்அவுட் படி ஒன்று கல்லுக்குள் போய்விட்டது, ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்தது. மிச்சத் தண்ணீர் பக்கத்து வீட்டு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், பாய்ந்து, இருபது வருஷம் ஒன்றாகப் பழகியவர்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே தம்பி, வேலை தொடங்கும் முன்னே முடிந்த மட்டம் எங்கே வரும் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் வாங்கி வையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். வீட்டை விட்டு வெளியே பார்த்து ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டுமாம், பிறகு திருத்திப் போட்டவர் சொன்னது. செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்க் குழாய், மோட்டார் வயர் எல்லாம் எங்கே போகிறது என்று அப்பாவுக்குத்தான் தெரியும், அதை அவர் காட்டிக் கொடுக்க வேண்டும். பழைய குழாய் என்றால் கல் போடும் முன்னே மாற்றிவிடுங்கள்.

அம்மா விழுந்தார்கள் என்றீர்கள், அதனால் இன்னொன்று. பளபளவென்று இருக்கும் ரப்பர் மோல்டு கல்லை முற்றத்துக்கு எடுக்காதீர்கள். நம்ம ஊர் மழைக்குப் பாசி பிடித்தால் அதில் நடக்கவே முடியாது. சொரசொரப்பான கல் பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் கால் நிற்கும்.

கல்_பதிக்கிறவன்

நான் இந்த வேலைதான் செய்கிறேன், மார்த்தாண்டம் பக்கம். உள்ளதைச் சொல்கிறேன். எங்களுக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. எவ்வளவு கல் பதித்தோமோ அவ்வளவு காசு. அடியில் ஒரு நாள் முழுக்க இடித்தாலும் அதற்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. பிறகு யார் இடிப்பார்கள்? அதனால் மொத்த ரேட் பேசாதீர்கள் அண்ணே. தோண்டி மண் அள்ளுவது தனி, வெட்மிக்ஸ் போட்டு இடிப்பது தனி, கல் தனி, பதிக்கிற கூலி தனி, ஓரக்கல் ஓடும் அடிக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். அப்போதுதான் எந்த வேலையும் விட்டுப்போகாது.

உங்களுடையது சரிவு வழி, அதில் கல் கீழே நகரப் பார்க்கும். கேட் பக்கம் கீழ் முனையில் காங்கிரீட் போட்டு ஒரு தாங்கு கட்டி, அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே பதிக்க வேண்டும். மேலிருந்து கீழே வருகிறவனை நம்பாதீர்கள். இரண்டு பக்க ஓரக்கல்லும் காங்கிரீட்டில் நிற்க வேண்டும், வெறும் சிமெண்ட் பூச்சு முதல் வருஷமே விரிந்துவிடும். செங்கல் மாதிரி நீளக் கல் எடுத்து மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தால் பிரேக் போடும் இடத்தில் பிடிமானம் நல்லா இருக்கும். ஓரத்துத் துண்டுக் கல் கட்டர் வைத்து வெட்டியதாக இருக்க வேண்டும், சுத்தியலால் உடைத்ததை ஏற்காதீர்கள்.

பதித்து முடித்ததும் கல்லின் மேலேயே கம்பாக்டர் ஓட்டி, காய்ந்த மெல்லிய மணலைத் தூவிப் பெருக்கி, திரும்பவும் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்து இன்னொரு தடவை மணல் போட வேண்டும், அந்த இரண்டாவது வரவை எழுதி வாங்காவிட்டால் யாரும் வர மாட்டோம்.

வேளிமலை_விளை

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. அடுக்களை முற்றம் பூராவும் மூடினால் கிணறு என்ன ஆகும்? தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் கிடைக்கிற ஊர் நமக்கு, அப்படியிருந்தும் பங்குனி, சித்திரையில் கிணற்றில் வாளி தரை தட்டுகிற வீடு எத்தனையோ இருக்கிறது. கிணற்றைச் சுற்றி மூன்று அடி மண்ணாகவே விடுங்கள், அதில் செம்பருத்தியோ வாழையோ நிற்கட்டும். முற்றத்துத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி, செப்டிக் டேங்க் பக்கமும் போகாமல் ஒரு உறிஞ்சு குழி எடுத்து, உடைந்த செங்கல்லும் சல்லியும் போட்டு அதில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கினார்கள், பலர் பெயருக்கு ஒரு குழாய் வைத்ததோடு சரி. கல்லுக்கு அடியில் காங்கிரீட் போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், முற்றத்துக்கு அது தேவையே இல்லை.

மஸ்கட்_தக்கலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரண்டு பேரிடமும் பேசினேன். 68 சொன்னவர் "உங்க மண் கல்லு மாதிரி, அடியில ஒண்ணும் வேண்டாம்" என்கிறார், பிரித்து எழுதித் தரவும் மாட்டாராம். 92 சொன்னவர் 6 இஞ்ச் வெட்மிக்ஸ் எழுதித் தருகிறேன் என்றார், ஓரக்கல்லும் அதில் சேர்த்தி. மெத்தைக்குப் பாறைப்பொடிதான் போட்டுப் பழக்கம் என்றார், நான் முடியாது என்றதும் எம்சாண்டுக்கு ஒத்துக்கொண்டார். இரண்டு மழைக்காலம் தாண்டிய வேலை ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டேன், சாமியார்மடம் பக்கம் ஒரு வீடு சொல்லியிருக்கிறார், மச்சான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறான். அடி இடித்து முடித்ததும் கல் போடாமல் நிறுத்தி எனக்கு வீடியோ கால் போட வேண்டும் என்றும் பேசியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். வழி ஓரத்தில் ஒரு அயனிப் பலா நிற்கிறது, வேர் கல்லைத் தூக்குமா? அப்புறம் கார்த்திகையில் வேலையைத் தொடங்கலாமா, பணத்தை எப்படிக் கொடுப்பது?

கல்_பதிக்கிறவன்

அண்ணே, அயனி வேர் தூக்கும். ஆனால் மரத்தை வெட்ட வேண்டாம், வழியை அந்த இடத்தில் 12 அடியிலிருந்து 10 அடியாகக் குறைத்தாலும் கார் போகும், மரத்தடியை மண்ணாக விடுங்கள். கார்த்திகை வேண்டாம். தோண்டிப் போட்ட குழியில் மழை நின்றால் அந்த மண் காயும் வரை இடிக்க முடியாது, இடித்தாலும் பஞ்சு மாதிரி அமுங்கும். தை பிறந்து தொடங்குங்கள், ஆனால் அப்போது நல்ல ஆள் எல்லாரும் இடவப்பாதி (வைகாசி நடுவில் தொடங்கும் மழை) வரை பிஸியாகிவிடுவார்கள், அதனால் இப்போதே அட்வான்ஸ் கொடுத்துத் தேதி பிடித்துவிடுங்கள்.

பணம், கல் இறங்கியதும் ஒரு பங்கு, அடி இடித்து நீங்கள் வீடியோவில் பார்த்ததும் ஒரு பங்கு, பதித்து முடித்ததும் ஒரு பங்கு. அன்றைக்கே ஓஸ் வைத்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டு எங்கேயாவது தேங்குகிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்கை ஆனி மழை தாண்டும் வரை கையில் வையுங்கள், முன்னாடியே சொல்லிவிட்டால் சரியாக வேலை செய்கிறவன் இதற்குக் கோபப்பட மாட்டான்.

கருங்கல்_டீச்சர்

தம்பி, மச்சான் சாமியார்மடம் போகும்போது மழை பெய்து ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். வெயிலில் எல்லா முற்றமும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த வீட்டு அம்மாவிடம் கேட் தட்டுகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.