'சோலார் ஸ்டில்' — தமிழில் என்ன சொல்லலாம்?

கானாடுகாத்தானிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் மன்றத்துக்காக ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆளில்லாத தீவில் ஒதுங்கியவர் குடிதண்ணீருக்கு என்ன செய்வார் என்பதுதான் பொருள். மழைநீர், இளநீர், மணலில் ஊற்று எல்லாவற்றுக்கும் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. 'சோலார் ஸ்டில்' என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

சாதனம் எளிது. அகலமான பாத்திரத்திலோ குழியிலோ கடல்நீர். அதன் நடுவில் ஒரு வெறும் டம்ளர். மேலே பாலிதீன் தாளை மூடி, ஓரத்தை மணல் போட்டு அடைத்து, டம்ளருக்கு நேர் மேலே தாளில் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு கீழேயே தங்கிவிடும். தாளின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீர் கல் இருக்கும் பள்ளத்தை நோக்கிச் சரிந்து டம்ளரில் சொட்டும். 1965-ல் அமெரிக்காவில் ஜாக்சன், வான் பேவல் என்ற இரு ஆய்வாளர்கள், பாலைவனத்தில் மண்ணின் ஈரத்திலிருந்தும் செடிகளிலிருந்தும் இப்படித் தண்ணீர் எடுக்கலாம் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு உயிர்பிழைப்புப் புத்தகங்கள் பலவற்றிலும் இந்தக் குழி இடம்பிடித்துவிட்டது.

முதலில் நான் எழுதியது 'சூரிய வடிப்பான்'. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "வேட்டியை நாலா மடிச்சு வடிச்சாப் போதாதா, எதுக்கு வெயில்ல வைக்கணும்?" என்று கேட்டாள்.

தப்பு அவள் மேல் இல்லை. நம் வீடுகளில் காபி வடிகட்டுகிறோம், சோறு வடிக்கிறோம், ஊருணித் தண்ணீரைத் துணி கட்டி வடித்துக் குடத்தில் ஊற்றியிருக்கிறோம். 'வடி' என்றதும் அவளுக்குத் துணி ஞாபகம் வந்தது. துணியில் தூசி நிற்கும், உப்பு நிற்காது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் ஒரு லிட்டரைக் குடித்தால் உப்பைக் கழிக்க ஒரு லிட்டருக்கும் மேல் சிறுநீர் போயாக வேண்டும். குடித்ததைவிடக் கூடுதலாக உடம்பிலிருந்து இறங்கிவிடும். தப்பான சொல்லை நம்பித் துணியால் வடித்துக் குடித்தவன் கதி என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஆகவே 'வடிப்பான்' வேண்டாம். வேறு என்ன?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பள்ளிப் புத்தகத்தில் 'காய்ச்சி வடித்தல்' இருக்கிறது. அதை வைத்துக் 'கதிரவக் காய்ச்சி வடிகலன்' என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே. பொருளும் முழுசாக வந்துவிடுகிறது. நீளம் என்பீர்கள். தீவில் இருப்பவனுக்கு வேறு என்ன வேலை, நிதானமாகச் சொல்லட்டும்.

இன்னொன்று. யாராவது தூய தமிழ் என்று 'ஞாயிற்று வடிகலன்' என்று கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்கிற சாமான் என்றுதான் நினைப்பார்கள்.

கோட்டையூரிலிருந்து:

ஐயா, சித்த மருத்துவம் பார்க்கிறவன் என்ற உரிமையில் ஒரு சொல்லை எடுத்து வைக்கிறேன். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், நம்மிடம் 'வாலை' இருக்கிறது.

ஓமத் தீநீர், சோம்புத் தீநீர் எல்லாம் வாலையில் இறக்குவதுதான். கீழ்ப் பானையில் சரக்கும் தண்ணீரும் போட்டு அடுப்பில் ஏற்றுவோம். எழும்பும் ஆவி மேல்மூடியில் பட்டுக் குளிர்ந்து, உள்விளிம்பில் ஓடி, மூக்கு வழியாகப் புட்டிக்குள் சொட்டும். மூடியின் மேல் பச்சைத்தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மூடி சுட்டுவிட்டால் சொட்டு நின்றுவிடும். நீங்கள் எழுதியிருக்கும் சாதனத்தில் அடுப்புக்குப் பதில் வெயில், மூடிக்குப் பதில் பாலிதீன். மற்றபடி இரண்டும் ஒன்று.

'வாலை வடிநீர்' என்று வேதியியல் புத்தகங்களிலும் பார்த்திருக்கிறேன். வெயிலில் வேலை செய்யும் வாலை, அதனால் 'வெயில் வாலை'. சூரியன், கதிரவன் எல்லாம் இதற்குப் பெரிய பெயர்கள்.

தேவகோட்டையிலிருந்து:

வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். சொல் பழையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வாலை' என்று பார்த்ததும் 'நாய் வாலை' என்றுதான் வாசிப்பு ஓடும். 'வெயில் வாலை நிமிர்த்த முடியாது' என்று பையன்கள் இப்போதே பாட்டுக் கட்டிவிடுவார்கள். மருந்துக் கடையில் ஓமவாட்டர் என்று கேட்டு வாங்குகிற தலைமுறை இது. வாலையை எங்கே பார்த்திருக்கப் போகிறது?

பள்ளத்தூரிலிருந்து:

தம்பிகளா, நான் படித்தது தையல், தமிழ் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். இட்டலிச் சட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கும், சாய்த்துத் திறக்காவிட்டால் இட்டலி மேல் கொட்டி நனைத்துவிடும். அதை நாங்கள் 'மூடி வேர்த்திருக்கு' என்போம். பிள்ளைகளுக்கு விளக்கும்போது 'ஆவி சுருங்குதல்' என்று எழுதாமல் 'தாள் வேர்க்கும்' என்று எழுதுங்கள், உடனே புரியும்.

பெயருக்கு 'வேர்வைத் தொட்டி' என்று மனதில் வந்தது. சொல்லிப் பார்த்தேன், அருவருப்பாக இருக்கிறது. விட்டுவிடுங்கள். வெயில் வாலை கேட்க நன்றாக இருக்கிறது.

கானாடுகாத்தானிலிருந்து:

ஆச்சி, 'தாள் வேர்க்கும்' அப்படியே கையேட்டில் ஏறிவிட்டது. நன்றி.

சொல்லை முடிவு செய்வதற்கு முன்னால் சாமானைச் செய்து பார்த்துவிடலாம் என்று நேற்று வளவு வாசலில் வைத்தேன். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீர் பிடிக்கிற அண்டாதான் கையில் கிடைத்தது. மூன்று லிட்டர் தண்ணீரில் சுமார் 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து, நடுவில் எவர்சில்வர் டம்ளர் வைத்து, மளிகைச் சாமான் வந்த பாலிதீனைக் கிழித்து மூடி, சணல் கட்டினேன். காலை ஒன்பது மணி. பங்குனி வெயில், ஆத்தங்குடிக் கல்லில் கால் வைக்க முடியவில்லை.

பதினொரு மணிக்குத் தாள் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. அண்டா ஆழம். அதன் சுவரே தண்ணீருக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தது. தாள் வேறு தளர்ந்து, கூழாங்கல் நகர்ந்து, பள்ளம் டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. வேர்த்த நீரெல்லாம் உப்புத் தண்ணீரிலேயே திரும்ப விழுந்திருக்கிறது. சரி என்று எல்லாவற்றையும் அகலமான பிளாஸ்டிக் பேசினுக்கு மாற்றி, அடியில் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு, தாளை இழுத்துக் கட்டினேன். அரை மணிக்குள் முதல் சொட்டு. உள்ளேயிருந்து வந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

மாலை நாலரைக்குத் திறந்தபோது கால் டம்ளர் இருந்தது. ஒரு நாள் வெயிலுக்கு அவ்வளவுதான். அப்பத்தா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு, உப்பு இல்லை" என்றார்கள். பாலிதீன் வாடை கொஞ்சம் இருந்தது, அதை அவர்கள் சொல்லவில்லை.

இதனால் கையேட்டில் ஒரு பத்தியே மாறிவிட்டது. நன்றாகச் செய்து கண்ணாடி போட்ட வாலையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கிடைக்கும். அவசரத்துக்குச் செய்ததில் அதெல்லாம் வராது. உச்சி வெயிலில் குழி தோண்டுகிற ஆள் ஒரு மணி நேரத்தில் வேர்வையாக விடுவது, அந்தக் குழி ஒரு நாளில் தருவதைவிட அதிகம். எனவே மழை பிடிக்க எதையாவது விரிப்பது முதல் வேலை, இளநீர் அடுத்தது, வாலை அதற்குப் பிறகு. தோண்டுவதை அந்திக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். தேவகோட்டை அண்ணன் சொல்லும் 'கதிரவக் காய்ச்சி வடிகலன்' விளக்கமாக நன்றாக இருக்கிறது, ஆனால் பெயராக ஆகவில்லை. 'கதிரவக் காய்ச்சி வடிகலனைக் கொண்டா' என்று யாரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அதில் 'வடி' வேறு உட்கார்ந்திருக்கிறது. 'குழி' என்று முடியும் பெயரும் ஆகாது, ஏனென்றால் இது குழி மட்டும் இல்லை. சிலி நாட்டில் லாஸ் சாலினாஸ் என்ற இடத்தில் 1872-லேயே மரச்சட்டமும் கண்ணாடியும் வைத்து 4,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பில் இதையே கட்டியிருக்கிறார்கள். நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் எடுத்து, சுரங்கத்து ஆட்களுக்கும் அங்கே வேலை செய்த கோவேறு கழுதைகளுக்கும் கொடுத்தார்கள். என் பேசினுக்கும் அதற்கும் ஒரே பெயர் பொருந்த வேண்டும். 'வெயில் வாலை' பொருந்துகிறது.

நாய் வால் விஷயம்: வாலுக்கு இரண்டாம் வேற்றுமை 'வாலை'. வாலைக்கு 'வாலையை'. 'வெயில் வாலையைத் திறக்காதே' என்று ஒரு தரம் வாசித்துவிட்டால் நாய் ஓடிவிடும். மாலை என்றால் பொழுதா பூவா என்று நாம் தடுமாறுவதில்லையே. பையன்கள் பாட்டுக் கட்டினால் கட்டட்டும், சொல் மறக்காது.

தொண்டியிலிருந்து:

நான் இந்தக் குழுவில் எழுதுவது குறைவு. வெயில் வாலை சரியான பேர். ஆனால் கடல்பக்கம் பிறந்தவன் தாளைத் தேடமாட்டான், முதலில் மணலைத்தான் பார்ப்பான்.

தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். பெய்த மழை மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும், கனம் குறைவு. தண்ணீர் கண்ணில் பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும், சிரட்டையால் மேலாக மொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் வந்ததே என்று இன்னும் தோண்டினால் உப்புத்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறும், தீவில் இருப்பது தோண்டத் தோண்டக் கரிக்கும்.

எல்லாத் தீவிலும் இது கிடைத்துவிடாது. கச்சத்தீவில் குடிதண்ணீர் இல்லை, அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் குடத்தோடுதான் படகு ஏறுவார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

தொண்டி அண்ணே, இத்தனை நாள் எழுதாமல் எங்கே இருந்தீர்கள்? நீங்கள் சொல்லும் அந்த மேல்தண்ணீருக்கும் கையேட்டில் ஒரு பெயர் வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் பெயரில் இருக்கும் கணக்கு. பூதக்கண்ணாடி மாதிரி நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும் அந்த வடிவத்தைப் பார்த்து 'நன்னீர் வில்லை' என்று நான் எழுதி வைத்திருந்தேன். வில்லை என்றால் பிள்ளைகளுக்கு மாத்திரைதான் ஞாபகம் வருகிறது. உங்கள் பக்கத்தில் அதற்குப் பேச்சில் ஏதாவது பெயர் உண்டா? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள், அதற்குத் தனி இழை போட்டுவிடலாம்.

'வெயில் வாலை' கையேட்டுக்குப் போகிறது. வைத்தியர் ஐயா, உங்களிடம் இருக்கும் மண் வாலையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? மூக்கு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் எடுத்தால் நல்லது, வரைகிற பையன் அதைப் பார்த்ததில்லை.